கையுறையில் தங்கிய பால்

அக்காவுக்கு முதலில் அரித்தது விரல் இடுக்குகள்தான். கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களுக்குக் கை அரிப்பு என்பது சளிக்காய்ச்சல் மாதிரி. வரும், போகும், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தொண்ணூறுகளின் நடுவில், மலேசியாவில் மலாக்கா பக்கம் மஸ்ஜித் தானா சாலையோரம் இருந்த அப்படியொரு தொழிற்சாலையில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். நான் லேப்பில். அக்கா கையுறை உரிக்கும் பிரிவில்.

பீங்கானில் செய்த கைகள் சங்கிலியில் தொங்கியபடி வரிசையாக வரும். முதலில் கால்சியம் உப்புக் கரைசலில் முங்கும். பிறகு கித்தா பாலில், அதாவது ரப்பர் மரத்துப் பாலில், முங்கும். உப்பு பட்ட இடத்தில் பால் தோலாக உறைந்துகொள்ளும். அதைச் சுடுதண்ணீர்த் தொட்டியில் கழுவி, சூட்டில் வேகவைத்து, ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க மாவு பூசி அனுப்புவார்கள். கடைசியில் நிற்கும் பெண்கள் மணிக்கட்டுப் பக்கம் பிடித்து ஒரே இழுப்பில் உரித்து எடுப்பார்கள். உரிக்கும்போது மாவு பறக்கும். ஷிப்ட் முடிந்து வரும்போது அக்காவின் புருவமும் முன்முடியும் வெளுத்துப் போயிருக்கும்.

நாங்கள் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள். அப்பா போன பிறகும் அம்மா தோட்டத் தொழிலாளர் வரிசையான லயத்து வீட்டிலேயே இருந்து பால் வெட்டிக்கொண்டிருந்தாள். அக்காவும் மாமாவும் பாயா ரும்புட்டில் வாடகைக்கு இருந்தார்கள். நான் அவர்களோடு. மாமா லாரி ஓட்டினார். வாரத்தில் பாதி நாள் ஜோகூர்ப் பக்கம் போய்விடுவார். கல்யாணமாகிப் பல வருடம் கழித்துத்தான் அக்காவுக்கு உண்டானது. அதனால் அவள் உடம்புக்கு எது வந்தாலும் நாங்கள் கர்ப்பத்தின் மேலேயே பழியைப் போட்டோம். கை அரித்தால் சூடு. விடாமல் தும்மினால் பலவீனம். கண் சிவந்தால் சரியாகத் தூங்கவில்லை. கிளினிக்கில் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். பிள்ளைக்கு ஆகாதோ என்று பயந்து அக்கா அதைப் பாதிதான் விழுங்கினாள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் வந்தது. விடுமுறை நாள். அக்கா குளித்துவிட்டு, வேறு துணி மாற்றி, அவர்கள் வீட்டுக் கூடத்தில் பலூன் ஊத உட்கார்ந்தாள். இரண்டு மூன்று ஊதியிருப்பாள். உதட்டைப் புறங்கையால் தேய்த்தாள். இன்னொன்றை எடுத்து வாயில் வைத்தாள், எடுத்துவிட்டாள். நான் கேக் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அவள் முகம் அவளுடையதாக இல்லை. மேலுதடு மூக்கை முட்டிக்கொண்டு நின்றது. கண்கள் கோடாகியிருந்தன. பேசப் பார்த்தாள். உள்ளே இழுத்த காற்று விசில் மாதிரி வந்தது.

அன்று மாமா வீட்டில் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். கடைவரிசையில் இருந்த கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் மூச்சு திரும்பியது. சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்றார் டாக்டர். அக்கா அன்று காலையிலிருந்து பால் கலக்காத டீயைத் தவிர எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. அதை நான் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

மறுநாள் பஸ்ஸில் போகும்போது எனக்கு அதே நினைப்பு. மாவுதான் ஆகவில்லை என்றால், பலூனில் எங்கள் தொழிற்சாலை மாவு கிடையாது. தூசி என்றால், அன்று அவள் தூசிப் பக்கமே போகவில்லை. பலூனுக்கும் கையுறைக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று, மரத்துப் பால். அதில்தான் எங்கள் குடும்பம் தலைமுறையாகக் கை வைத்திருந்தது.

லேப்புக்குப் பொறுப்பாக இருந்தவரை எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். மலாக்கா டவுனில் கடை வைத்திருந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். வேதியியல் படித்தவர். என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர். அதிகம் பேச மாட்டார். வேலையில் சிறு தவறு நடந்தாலும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பார், அவ்வளவுதான். அதற்கே நான் சோதனையை மறுபடி முதலிலிருந்து செய்வேன். அவரிடம் அக்காவின் உதட்டைப் பற்றிச் சொன்னபோது அவர் எழுந்து போய் லேப்பின் கதவைச் சாத்தினார்.

"பலூனா?" என்று கேட்டார். "நல்லா தெரியுமா?"

"என் கண்ணு முன்னாலதான் மிஸ்."

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். பிறகு, வெளிநாட்டில் கையுறை வாங்குகிறவர்கள் கொஞ்ச நாளாகவே புரதத்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்றார். அங்கே சில ஆஸ்பத்திரித் தாதிகளுக்கு இப்படி நடந்திருக்கிறதாம். கித்தா ஒன்றும் செய்வதில்லை. பாலோடு மரத்திலிருந்து வருகிற புரதம்தான் சிலருக்கு ஆகவில்லை. இந்தப் பேச்சு வெளியே போகக்கூடாது என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

அன்று சாயந்திரம் ஷிப்ட் மாறும் நேரத்தில் மிஸ் ஒரு கையுறையை நறுக்கி, லேசான உப்புத் தண்ணீரில் ஊறவைத்து ஆட்டச் சொன்னார். அது காரணம் தெரியாமலே நான் தினமும் செய்கிற வேலைதான். துண்டுகளை எடுத்துவிட்டுத் தண்ணீரைச் சோதனைக் குழாயில் ஊற்றினேன். குடிக்கலாம் போல் தெளிவாக இருந்தது. புரதத்தை அடியில் இறக்கும் அமிலத்தை விட்டேன். எங்கள் முறைப்படி அதோடு சோதனை முடிந்தது. குழாயில் ஏதோ இருந்தும் இல்லாததுமாக ஒரு மங்கல், அவ்வளவுதான். நல்ல கையுறை என்று இத்தனை நாள் நான் எழுதிவைத்தது இதைத்தான். மிஸ் அலமாரியிலிருந்து இன்னோர் அமிலத்தை எடுத்தார். வெளிநாட்டுக்காரர்கள் இதையும் சேர்க்கச் சொல்லி எழுதியிருக்கிறார்களாம். இரண்டு சொட்டு விட்டார். குழாய் முழுவதும் வெள்ளையாகப் புகைந்தது.

நான் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். தண்ணீருக்குள் அது முழுவதும் முன்பே இருந்திருக்கிறது.

"பெருசா இருக்கற புரதம் சீக்கிரம் தண்ணிய விட்டுட்டு ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கும்," என்றார் மிஸ். "அமோனியா போட்டு வெச்ச பால்ல பாதி ஒடஞ்சி போயிருக்கும்லா, அந்தச் சின்னத் துண்டுங்க அப்படி இல்ல. அதுக்கு ஒளிஞ்சிக்க உள்பக்கம்னு ஒன்னு கெடையாது. ஒடம்பு பூரா தண்ணிய புடிச்சிக்கிட்டு நிக்கும். ஒரு ஆசிட் போட்டாலாம் விடாது."

"அப்ப கழுவுனா தண்ணியோட போயிடணுமே மிஸ்?"

"நல்ல தண்ணின்னா போவும்."

தொட்டியில் நடப்பதை அவர் விளக்கினார். பீங்கான் கைகள் சுமந்துவரும் கால்சியம் உப்பெல்லாம் கழுவும் தொட்டியில்தான் இறங்கும். கொஞ்சம் உப்பு இருந்தால் புரதத் துணுக்குகள் கையுறையை விட்டு வர அது உதவும். உப்பு ஏறிக்கொண்டே போனால் தண்ணீர் உப்பின் பின்னால் போய்விடும். துணுக்குகளைச் சுற்றி நிற்கத் தண்ணீர் மிஞ்சாது. அவை கையுறையிலேயே தங்கிவிடும். பிறகு சூட்டில் காயும்போது, உள்ளே இருந்த ஈரம் மேலே வந்து, கூட வந்ததையெல்லாம் மேல்தோலில் விட்டுவிட்டு ஆவியாகிப் போகும். மாவு அதை ஏந்திக்கொண்டு பறக்கும்.

அந்த வருடம் மழை குறைவு. தண்ணீரை மிச்சப்படுத்த தொட்டிகளில் புதுத் தண்ணீர் விடுவதைக் குறைத்திருந்தார்கள். திறந்துவிடச் சொல்லி மிஸ் பலமுறை கேட்டிருந்தார். அதை அவர் என்னிடம் ஒரு குறையாகச் சொல்லவில்லை. குழாயைத் தாங்கியில் வைத்துவிட்டு, "ஒங்கக்காவ வேலைய விடச் சொல்லு," என்றார். "நாளைக்கே."

அக்காவின் வேலையைவிட வேறொன்றுதான் எனக்குப் பெரிதாக உறைத்தது. அது அன்று வீட்டுக்குப் போகும் வழியில், பஸ்ஸின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது வந்தது. ஆஸ்பத்திரித் தாதிகளை மிஸ்ஸி என்போம்; பிரசவத்தில் அவர்கள் கை வைத்துப் பார்ப்பார்கள். வெறுங்கையால் பார்க்க மாட்டார்கள். வயிற்றை அறுக்க நேர்ந்தால், அந்தக் கையுறை வயிற்றுக்குள்ளேயே போகும். ஒரு பலூன் உதட்டில் பட்டதற்கே அப்படி ஆனது.

அக்கா நம்பவில்லை. சோற்றை வடித்துக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்ததும் வடிதட்டை அழுத்தி வைத்தாள்.

"அம்மா காலம்பூரா பால்லயே கைய வெச்சி நம்மள வளத்தாங்க. அவங்களுக்கு ஒன்னும் வர்ல, எனக்கு மட்டும் வந்துருச்சா? நீ படிச்சதயெல்லாம் என் மேல சோதன பண்ணாதடி."

"பிரசவத்துல கிளவ்ஸ் போட்ட கையதான்க்கா வைப்பாங்க."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கை தானாக வயிற்றுக்குப் போனது. அந்த வாரக் கடைசியில் அவள் வேலையை விட்டாள். ஆனால் காரணத்தை டாக்டர்களைத் தவிர யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். மாமியார் வீட்டில், இத்தனை வருடம் கழித்து உண்டானவளுக்கு உடம்பில் ஏதோ கோளாறு என்று பேசுவார்கள் என்ற பயம்.

கர்ப்பிணிகள் கிளினிக்குக்கு அவளோடு நான் போனேன். அங்கிருந்த மிஸ்ஸி நல்லவர், வயதானவர். ரப்பர் கையுறை ஆகாது என்றால் வெறுங்கையிலா பிள்ளையை எடுப்பது என்று சிரித்தார். பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிப் பாருங்கள் என்றார். பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் இருந்தார், மலாய்க்காரப் பெண். அவர் சிரிக்கவில்லை. படித்திருப்பதாகவும் நேரில் பார்த்ததில்லை என்றும் சொன்னார். கை வைத்துப் பார்க்க பிளாஸ்டிக் கையுறை கிடைக்கும். அறுவைக்கான, கிருமி நீக்கிய, ரப்பர் அல்லாத கையுறை அவர்களிடம் இல்லை. வரவழைக்கக் கேட்டுப் பார்க்கிறேன், நாள் ஆகலாம் என்றார். பிரசவத் தேதியைக் கேட்டுத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அவர் குரலில் இருந்த நிதானம்தான் எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

அப்படிப்பட்ட கையுறைகள் எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். எங்கள் லேப் அலமாரியில் இருந்தன. செயற்கை ரப்பரில் செய்தவை, மரத்துப் பாலே சேராதவை. எங்கள் கையுறையோடு இழுத்துப் பார்த்து ஒப்பிட வெளிநாட்டிலிருந்து அனுப்பியிருந்தார்கள். சீல் பிரிக்காத சில பாக்கெட்டுகள். அவற்றைத் தர முடியுமா என்று மிஸ்ஸைக் கேட்டேன். அலமாரியைத் திறந்து அவற்றைப் பார்த்தார். மறுபடி பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வாங்கறவங்க அடுத்த வாரம் வராங்க. இத மொத வேலையா கேப்பாங்க. ஒங்கக்காவுக்குத்தான் இன்னும் நாளு இருக்குல்ல? அவங்க போனதும் குடுத்துர்றேன்."

நான் சரி என்று தலையாட்டினேன். நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் அன்றிலிருந்து அந்தச் சட்டைப் பையைப் பார்க்காமல் என்னால் அவரோடு பேச முடியவில்லை.

பிள்ளை அதுவரை காத்திருக்கவில்லை.

வெளிநாட்டுக்காரர்கள் வந்திருந்த அன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு லேப்புக்கு போன் வந்தது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி. அக்காவுக்குப் பனிக்குடம் உடைந்து, தன் காரிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டதாகச் சொன்னார். வலியில் பேசவே முடியாமல் இருந்தவளை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். மாமா லாரியில் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. நான் போனிலேயே, ரப்பர் கையுறை போடக்கூடாது என்று உள்ளே போய்ச் சொல்லுங்கள் என்றேன். ஆன்ட்டிக்கு நான் என்ன சொல்கிறேன் என்றே புரியவில்லை. அந்த இளம் டாக்டரைத் தேடச் சொன்னேன். பேர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அப்போதுதான் தோன்றியது, பேர்கூடக் கேட்காமல் வந்திருக்கிறேனே என்று.

கூட்ட அறை மாடியில் இருந்தது. நான் அதற்கு முன் அந்தக் கதவைத் திறந்ததே இல்லை. திறந்தபோது குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. நீள மேசையைச் சுற்றி மேனேஜரும் வெள்ளைக்காரர்கள் சிலரும் உட்கார்ந்திருந்தார்கள். மிஸ் நின்றுகொண்டு திரையில் எதையோ காட்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் திரும்பினார்கள். மேனேஜரின் முகம் இறுகியது. நான் பேச வேண்டிய இங்கிலீஷ் முழுவதும் மறந்துபோனது.

"மிஸ், அக்காவுக்கு வலி வந்துருச்சு. உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க," என்று தமிழிலேயே சொன்னேன்.

மிஸ் கையிலிருந்த குச்சியை மேசைமேல் வைத்தார். மேனேஜரிடம் இங்கிலீஷில் ஒரே ஒரு வரி சொன்னார், ஒரு நோயாளி காத்திருக்கிறார், மன்னிக்க வேண்டும் என்று. பதிலுக்கு நிற்கவில்லை. படியிறங்கும்போதே சாவியை எடுத்துவிட்டார். அலமாரியில் இருந்த பாக்கெட்டுகள் அத்தனையையும் வாரித் துணிப் பையில் போட்டார். பஸ்ஸில் போகிறேன் என்று நான் ஏதோ முனகினேன். அவர் காதில் வாங்காமல் கார் நிறுத்தியிருந்த பக்கம் நடந்தார்.

பள்ளி விடுமுறை. கடற்கரைச் சாலையில் கிளேபாங் வந்ததும் கார்கள் நின்றுவிட்டன. கடைகளின் முன்னால் இரண்டு பக்கமும் வண்டிகள். குடும்பம் குடும்பமாக இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மிஸ் ஹாரன் அடிக்கவில்லை. ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் இருந்த வண்டியையே பார்த்தார். நான் மடியில் இருந்த பையைத் தடவித் தடவிப் பாக்கெட்டுகள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டேன். ஒரு வேன்காரர் வண்டியைப் பின்னால் எடுக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார். இறங்கி ஓடலாமா என்றுகூட நினைத்தேன். ஓடினால் எங்கே போய்ச் சேர்வது.

"அன்னிக்கே குடுத்துருக்கணும்," என்றார் மிஸ், என்னைப் பார்க்காமல்.

நான் பையின் வாயை முடிச்சுப் போட்டேன். பரவாயில்லை என்று சொல்லியிருக்கலாம்.

பிரசவ வார்டின் வாசலில் ஆன்ட்டி அழுதுகொண்டு நின்றார். அக்காவை உள்ளே படுக்கவைத்துப் பார்த்த கொஞ்ச நேரத்தில் எல்லோரும் ஓட ஆரம்பித்துவிட்டார்கள், என்னவென்று யாரும் சொல்லவில்லை என்றார். நான் கதவைத் தள்ளினேன். ஒரு மிஸ்ஸி வந்து மறித்தார். அவர் தோளுக்கு மேலாக எனக்குத் தெரிந்தது அக்காவின் கால் மட்டும்தான். பாதத்திலிருந்து முழங்கால்வரை சிவந்து தடித்திருந்தது. யாரோ இரத்த அழுத்தம் இறங்குகிறது என்று மலாயில் சொன்னது கேட்டது. போட்ட மருந்து எது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

மருந்து இல்லை, கையுறை, கித்தா கையுறை, அதைக் கழற்றச் சொல்லுங்கள் என்று நான் மலாயில் சொல்லிக்கொண்டே இருந்தேன். மிஸ்ஸி என்னைப் பின்னால் தள்ளினார். பைத்தியம் என்று நினைத்திருப்பார். அப்போது மிஸ் எனக்கு முன்னால் வந்து, உள்ளே இருந்த டாக்டரைப் பார்த்துக் குரல் உயர்த்தாமல் இங்கிலீஷில் சொன்னார். தான் அந்தக் கையுறையைச் செய்யும் தொழிற்சாலையில் கெமிஸ்ட் என்றார். அதில் புரதம் இருக்கிறது. இவளுக்கு அது ஆகாது என்று தனக்குத் தெரியும் என்றார்.

டாக்டர் வேறொருவர், நடுத்தர வயதுக்காரர். திரும்பி மிஸ்ஸைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். நான் அவருடைய அந்தப் பார்வையை இன்னும் மறக்கவில்லை. இரண்டு கையுறையையும் உரித்துக் குப்பையில் போட்டுவிட்டு, எல்லோரையும் கழற்றிக் கை கழுவச் சொன்னார். அட்ரினலின் ஊசியைக் கேட்டார். இதெல்லாம் நாலு மூச்சுக்குள் நடந்தது.

ஊசி ஏறி அக்காவின் மூச்சிரைப்பு கொஞ்சம் அடங்கியது. ஆனால் பிள்ளையின் இதயத் துடிப்பு குறைந்துகொண்டே வந்தது. காத்திருக்க முடியாது, அறுக்க வேண்டும் என்றார்கள். மிஸ் பையை நீட்டினார். டாக்டர் ஒவ்வொரு பாக்கெட்டாகத் திருப்பி, எதில் செய்தது, காலாவதித் தேதி எது என்று படித்தார். எல்லாமே பெரிய அளவு. அறுவைக்கு அவரோடு நின்ற பெண்ணின் கை சின்னது. விரல் நுனிகள் தொளதொளவென்று தொங்கின. அதைப் போட்டுக்கொண்டே அந்தப் பெண் உள்ளே போனார். இளம் டாக்டரும் எங்கிருந்தோ ஓடிவந்துவிட்டார். இரத்த அழுத்தப் பட்டைக்கு அடியில் பருத்தித் துணி சுற்றச் சொல்லி, சிறுநீர் எடுக்கும் ரப்பர்க் குழாயை மாற்றச் சொல்லி, ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு இது ரப்பரா இது ரப்பரா என்று கேட்டுக்கொண்டே போனது கதவு மூடும்வரை கேட்டது.

நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஆஸ்பத்திரியில் எத்தனை பொருள் ரப்பர் என்று அன்றுதான் பார்த்தேன். தள்ளுவண்டியின் சக்கரம், மருந்து புட்டியின் மூடி, எங்கள் காலில் இருந்த செருப்பு. மிஸ் எழுந்து போய்க் குழாயில் கை கழுவிவிட்டு வந்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போய்க் கழுவினார். அவர் சட்டைக் கையில் எங்கள் தொழிற்சாலை மாவு அப்பியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, அக்கா வெளியே வரும்போது தான் பக்கத்தில் இருக்கக்கூடாது என்று வராந்தாவின் கடைசிக்குப் போய் நின்றுகொண்டார். நானும் என் சட்டையைப் பார்த்தேன். நானும் எழுந்து போனேன்.

பெண் பிள்ளை. பிறந்ததும் அழவில்லை என்றும், முதுகைத் தட்டி, மூக்கில் குழாய் வைத்து உறிஞ்சி, அப்புறம்தான் அழுதது என்றும் இளம் டாக்டர் வந்து சொன்னார். அக்காவைத் தீவிரக் கண்காணிப்புக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் சாயந்திரம்தான் அவள் சரியாகக் கண் திறந்தாள். அதற்குள் மாமா வந்துவிட்டிருந்தார். இரவெல்லாம் லாரியிலேயே உட்கார்ந்திருந்தவர் போல முகம் கறுத்திருந்தது. அவரிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவுக்குக் கொடுத்த சத்தியத்தைப் பற்றி அப்போது நினைக்கவே இல்லை.

பிரிக்காமல் ஒரு பாக்கெட் மிஞ்சியது. அதை வைத்துக்கொள்ளலாமா என்று இளம் டாக்டர் கேட்டார். மிஸ் கொடுத்துவிட்டார்.

தொழிற்சாலையில் மேனேஜர் மிஸ்ஸோடு வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் வாங்குகிறவர்கள் பாக்கெட்டுகள் எங்கே என்று கேட்டபோது நடந்ததைச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. இன்னொரு கழுவுத் தொட்டி வைக்க வேண்டும், புதுத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவர்கள் நிபந்தனை போட்டார்கள். அது அக்காவுக்காகவா, முன்பே முடிவு செய்ததா என்று எனக்குத் தெரியாது. நான் அங்கே இன்னும் சில வருடம் இருந்தேன். அதற்குப் பிறகு எந்தச் சோதனைக் குழாயையும் முதல் அமிலத்தோடு நிறுத்தியதில்லை.

அக்கா வீட்டுக்கு வந்த அன்று அம்மா தோட்டத்திலிருந்து வந்தாள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததுதான், பேத்தியைத் தூக்கியிருக்கவில்லை. வேலை முடிந்ததும் பஸ் பிடித்து நேரே வந்துவிட்டாள். கை கால் கழுவியிருந்தாள். ஆனால் பால் வெட்டுகிறவர்களுக்குச் சட்டைக் கையில், முடியில், நகக்கண்ணில் பால் நூல் நூலாகக் காய்ந்து ஒட்டியிருக்கும். அவர்களுக்கு அது தெரியவும் தெரியாது. அம்மா வாசலில் செருப்பைக் கழற்றி உள்ளே வந்தாள். அக்கா பிள்ளையை மார்போடு அணைத்தபடி எழுந்தாள். ஓர் அடி பின்னால் வைத்தாள். பிறகு இன்னோர் அடி. தும்மல் வந்தது. கண்ணில் நீர் வந்தது, அது எதனால் என்று சொல்ல முடியாது.

நான் அம்மாவின் முன்னால் போய் நின்றேன். வெளியே வாங்கம்மா, சொல்றேன் என்றேன்.

அம்மா வாசல்படியில் உட்கார்ந்து கேட்டாள். பாலில் புரதம் என்று ஒன்று இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது, தண்ணீரோடு எங்கும் போகும், அக்காவின் உடம்பு அதை விஷமாக எடுத்துக்கொள்கிறது என்று எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். அவள் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தக் கையாலதான் அவளுக்கு சோறு ஊட்டுனேன்," என்றாள். "அப்ப ஒன்னும் ஆவலியே."

மேலே திரும்பத் திரும்பப் படப்படத்தான் சிலருக்கு இந்த ஒவ்வாமை வரும் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று அதைச் சொல்லியிருந்தாலும் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்குமா தெரியவில்லை. அம்மா சன்னல் வழியாகப் பிள்ளையைப் பார்த்துவிட்டு, டீகூடக் குடிக்காமல் போய்விட்டாள். அக்கா கட்டிலில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். மாமா பஸ் நிறுத்தம்வரை அம்மாவோடு நடந்து போனார். அவர் என்ன பேசினாரோ, திரும்பி வந்து சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா மறுபடி வந்தாள். முடியை அலசி, நகத்தை ஒட்ட வெட்டியிருந்தாள். லயத்தில் துணியோடு துணி பட்டுவிடும் என்று ஒரு புதுச் சேலையை பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துவந்திருந்தாள். பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் குளியலறையில் மறுபடி குளித்து, அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். கேட்காமல் உள்ளே வரவில்லை.

அக்கா அவளருகே போனாள். நாங்கள் எல்லோரும் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். ஒன்றும் ஆகவில்லை. பிள்ளையை அம்மாவின் கையில் வைத்தாள். அம்மா அதைத் தன் நெஞ்சில் சாய்க்காமல், இரண்டு கையையும் நீட்டிப் பிடித்தபடியே வைத்திருந்தாள்.

"கிட்ட வெச்சிக்கங்கம்மா," என்றாள் அக்கா. "கை வலிக்கும்."